கார் இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் குறைப்பது எப்படி: வேலூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

"சார், போன வருஷம் மாதிரியே போட்டுடட்டுமா?" வருஷத்துக்கு ஒருமுறை ஏஜெண்டிடமிருந்து இந்த போன் வரும். கிரீன் சர்க்கிள் நெரிசலில் வண்டியை அரை அடி அரை அடியாக நகர்த்திக்கொண்டிருக்கும்போதுதான் வரும், நாமும் "போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஜிபே பண்ணிவிடுவோம். நான் ஏழு வருஷம் இப்படித்தான் கட்டினேன். போன தடவை மட்டும் என்னவோ தோன்றி, பழைய பாலிசி தாளை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். 10,900 சொச்சம் கட்டிக்கொண்டிருந்த வண்டிக்கு 7,600 சொச்சத்தில் முடிந்தது. அதே கார், அதே ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), உருப்படியான எந்த கவரையும் விடவில்லை. அதை எப்படிச் செய்தேன், எங்கே கை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பழைய பாலிசியைத் தேடி எடுங்கள். அது இல்லாமல் கீழே இருக்கும் எதுவும் வேலைக்கு ஆகாது. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாகக் கிடக்கும், இல்லையென்றால் மெயிலில் தேடுங்கள்.

1. பில்லை இரண்டாகக் கிழியுங்கள்

நிஜமாகக் கிழிக்க வேண்டாம், மனசுக்குள் பிரித்தால் போதும். "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று நாம் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், சேதம் எல்லாவற்றுக்கும் இதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம், இதன் விலையை அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த அறிவிப்பில் சொந்த கார்களுக்கு வைத்த கட்டணம் இது: 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எலக்ட்ரிக் கார் என்றால் 15 சதவீதம் தள்ளுபடி. எந்தக் கம்பெனியில் போட்டாலும் இந்தத் தொகை ஒன்றுதான். ஆகவே "தேர்ட் பார்ட்டியில உங்களுக்காகக் குறைச்சுத் தரேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் இருக்கும் தாளைச் சந்தேகப்படுங்கள். குறைந்த காசுக்குத் தரும் போலி பாலிசிகள் புழக்கத்தில் உண்டு. பாலிசியில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாலோ, அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தாலோ ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று ஓடி, அதாவது நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்குமான பங்கு. இதன் விலையைக் கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று 2007-லேயே விட்டுவிட்டார்கள். மிச்சம் பிடிக்கிற வேலையெல்லாம் இந்தப் பாதியிலும், இதோடு ஒட்டவைத்திருக்கும் ஆட்-ஆன்களிலும்தான் (கூடுதல் காசுக்குத் தரும் கவர்கள்). மொத்தத்துக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதனால் 1,000 ரூபாய் குறைத்தால் கையில் நிற்பது 1,180.

2. என்சிபி சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள்

க்ளெய்ம் எடுக்காமல் ஓட்டிய வருஷங்களுக்கான பரிசுதான் என்சிபி. ஒரு வருஷம் க்ளெய்ம் இல்லையென்றால் ஓடி பிரீமியத்தில் 20 சதவீதம் கழியும், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருஷம் 50. அதற்கு மேல் ஏறாது. கார் இன்சூரன்ஸில் கிடைக்கும் பெரிய தள்ளுபடிகளில் இது ஒன்று, ஆனால் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவதும் இதில்தான்.

என் கதையையே சொல்கிறேன். நாலு வருஷம் முன்னால் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்துகொண்டிருந்த நேரத்தில் பாலிசி முடிந்துபோனதே தெரியவில்லை. ஞாபகம் வந்து பார்த்தபோது 97 நாள் ஆகியிருந்தது. 90 நாளுக்குள் புதுப்பித்திருந்தால் என்சிபி தப்பித்திருக்கும். ஏழு நாளில் 45 சதவீதம் போய் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன். அது மட்டுமா, இடையில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதில் போலீஸ் பிடித்திருந்தால் முதல் தடவைக்கு 2,000, அடுத்த தடவைக்கு 4,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. யாரையாவது இடித்திருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுக்க என் தலையில்தான் விழுந்திருக்கும். அந்த மூன்று மாதத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. போனில் ஒரு மாதம் முன்னதாகவே அலாரம் வையுங்கள்.

இரண்டாவது விஷயம், என்சிபி காருக்குச் சொந்தம் இல்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுப்பவர்கள் இதை அப்படியே மறந்துவிடுகிறார்கள். பழைய வண்டியை விற்ற ஆதாரத்தைக் காட்டி, பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், மூன்று வருஷம் வரை செல்லும். புது வண்டியின் ஓடி பிரீமியம் 20,000 என்றால் 50 சதவீத என்சிபி உள்ளவருக்கு அதில் 10,000 அங்கேயே கழிந்துவிடும். ஷோரூமில் இதை அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர்களுக்கு இதே விதி எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். பழைய ஓனரின் என்சிபி உங்களுக்கு வராது. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். இந்தக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய ஓனர் பெயரிலேயே பாலிசியை ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் மாற்றாவிட்டால், நாளைக்கு உங்கள் வண்டி அடிபடும்போது ஓடி க்ளெய்ம் நிற்காது.

க்ளெய்ம் எடுத்துவிட்டு "எடுக்கவில்லை" என்று சொல்லி வேறு கம்பெனியில் என்சிபி வாங்குவது இன்னொரு தந்திரம். கம்பெனிகள் ஒன்றை ஒன்று கேட்டு உறுதி செய்துகொள்ளும். பெரிய க்ளெய்ம் வரும் நாளில் இந்தப் பொய் வெளியே வந்து மொத்தமும் போகும்.

3. சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் எடுக்கும் முன் கணக்கு போடுங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பலருடைய காசு போவது இங்கேதான். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ உரசி, பின்பக்க பம்பர் உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 5,000, பெயிண்டும் கூலியும் 3,000, ஆக 8,000. ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ஆட்-ஆன்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், 2,500 போச்சு. கட்டாயக் கழிவு என்று 1,500 சிசி வரையிலான வண்டிக்கு 1,000 ரூபாய் நம் பங்கு. கம்பெனி தருவது 4,500, அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே.

இப்போது மறுபக்கம். இந்த வருஷம் உங்களுக்கு 35 சதவீத என்சிபி ஓடுகிறது, என்சிபி கழிக்கும் முன் ஓடி பிரீமியம் 8,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். க்ளெய்ம் எடுக்காவிட்டால் அடுத்த வருஷங்களில் 45, 50, 50, 50, 50. எடுத்தால் 0, 20, 25, 35, 45. வருஷா வருஷம் வித்தியாசம் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 சதவீதம், அதாவது 9,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வண்டி பழசாக ஆக பிரீமியமும் இறங்கும், அதனால் நிஜத்தில் இந்தத் தொகை கொஞ்சம் குறையும். குறைந்தாலும் 4,500 வாங்குவதற்காக அதைவிட அதிகம் கொடுக்கிறோம் என்பது மாறாது. தெரிந்த டிங்கரிங் கடையில் கொடுத்து பம்பரை ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் பாதிக் காசில் முடியும். இன்சூரன்ஸை வண்டி கவிழ்ந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. வாலண்டரி டிடக்டபிள்

மேலே போட்ட கணக்கின்படி, 8,000 ரூபாய்க்குக் கீழே நீங்கள் க்ளெய்மே எடுக்கப்போவதில்லை. அப்படியிருக்க அந்தச் சின்ன ரிஸ்குக்கும் சேர்த்து ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்? "ஒவ்வொரு க்ளெய்மிலும் இவ்வளவு ரூபாய் நானே போட்டுக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் ஓடியில் தள்ளுபடி உண்டு. பழைய டாரிஃபில் (2007-க்கு முன் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த விலைப்பட்டியல்) இருந்த அளவு இது: 2,500 ரூபாய்க்கு 20 சதவீதம், ஆனால் 750-க்கு மேல் போகாது, 5,000-க்கு 25 சதவீதம், உச்சம் 1,500, 7,500-க்கு 30 சதவீதம், உச்சம் 2,000, 15,000-க்கு 35 சதவீதம், உச்சம் 2,500. இன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியும் கொஞ்சம் முன்னே பின்னே வைத்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

என் கருத்தில் 2,500 அல்லது 5,000 போதும். 15,000 எடுப்பது வருஷத்துக்கு 2,500 மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு, ஒரு நிஜமான விபத்தில் 15,000 இழப்பது. அதுவும் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

5. ஐடிவியில் ஏமாறாதீர்கள்

வண்டி திருடு போனாலோ, சரிசெய்யும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, கைக்கு வரும் தொகை ஐடிவியை வைத்துத்தான். புது வண்டிக்கு ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 என்று விலையில் கழித்துக்கொண்டே வருவார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் நாமும் கம்பெனியும் பேசி வைப்பதுதான்.

இணையத்தில் பார்க்கும்போது முதல் வரியில் வரும் "மிகக் குறைந்த விலை" பெரும்பாலும் ஐடிவியைக் கீழே இறக்கிக் காட்டிய விலைதான். 4 லட்சம் போகும் வண்டியை 3.4 லட்சம் என்று போட்டால் பிரீமியத்தில் சில நூறோ ஆயிரமோ குறையும், வண்டி காணாமல் போனால் 60,000 குறையும். ஆகவே கம்பெனிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் ஒரே ஐடிவி, ஒரே ஆட்-ஆன், ஒரே என்சிபி போட்டுவிட்டு விலையைப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது ஒன்றுக்கொன்று 850 ரூபாய் வித்தியாசம் வந்தது. ஏஜெண்டிடமும் அந்த விலையைச் சொன்னேன், "என்ன சார், முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். அவர்தான் சொல்லியிருக்க வேண்டும், போகட்டும். அரசுக் கம்பெனிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. ஆட்-ஆன் வரிசையில் களை எடுங்கள்

புது வண்டி எடுக்கும்போது ஷோரூமில் எனக்கு ஆறு ஆட்-ஆன் கட்டினார்கள். என்னவென்று கேட்டதற்கு "எல்லாம் பாதுகாப்புக்குத்தான் சார்" என்றார்கள். ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டு வந்தால் அங்கேயே விலை இறங்குவதைப் பார்க்கலாம்.

ஜீரோ டெப்பை முதல் ஐந்து வருஷம் விடாதீர்கள், பிளாஸ்டிக்கும் ரப்பரும் பாதிப் பாதியாகக் கழிவதை மேலே பார்த்தோம். வருஷத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்று வரம்பு இருக்கும், அதைப் படியுங்கள். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி மொத்தமாகப் போனால் ஐடிவிக்குப் பதில் வாங்கிய பில் விலையைத் தரும் கவர்) கடனில் எடுத்த புது வண்டிக்கு நல்லது, நாலு வருஷ வண்டிக்கு எதற்கு? சாவி தொலைந்தால் தரும் கவரை நான் தூக்கிவிட்டேன். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் வண்டிக் கம்பெனியே கொடுத்திருந்தால் இரண்டாவது எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டேன்.

எஞ்சின் கவர் பற்றித்தான் நம் ஊரில் வாக்குவாதம் வரும். "பாலாத்துல தண்ணியே இல்ல, வெள்ளம் எங்க வரப்போகுது" என்பார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதை மறந்தவர்கள் பேசும் பேச்சு அது. தண்ணீர் புகுந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்து பாழாக்கினால் சாதாரண பாலிசி தராது. தாழ்வான தெருவில் வீடு இருந்தாலோ, மழைக்காலத்தில் அடிக்கடி சென்னை போய் வந்தாலோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மாடி பார்க்கிங்கில் வண்டி நிற்கிறது, ஊரைத் தாண்டுவதில்லை என்றால் உங்கள் இஷ்டம். கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாமல் டோ செய்யச் சொல்லுங்கள்.

7. 15 லட்சம் விபத்துக் காப்பீட்டை இரண்டு முறை வாங்காதீர்கள்

பாலிசியில் "ஓனர் டிரைவர் பிஏ" என்று ஒரு வரி இருக்கும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் காப்பீடு அது, கட்டாயம்தான். ஆனால் ஒருவருக்கு ஒன்று இருந்தால் போதும். பைக்குக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று இரண்டு பாலிசியிலும் கட்டிக்கொண்டிருந்தவன் நான். 2019 முதல் இதைத் தனியாகவும் வாங்கலாம், ஏற்கெனவே இருந்தால் உறுதிமொழி கொடுத்துவிட்டு நீக்கச் சொல்லலாம். வண்டி லைசென்ஸ் இல்லாத அம்மா பெயரில் இருந்தால் இந்த வரியே பொருந்தாது. சில நூறு ரூபாய் சமாச்சாரம்தான், ஆனால் சும்மா போகும் காசு.

8. ஓட்டம் குறைவா?

ஞாயிற்றுக்கிழமை ரத்தினகிரி, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, வருஷத்துக்கு இரண்டு தடவை பெங்களூர், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் தூக்கம் என்று இருக்கும் கார்கள் நம் பக்கம் நிறைய. 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ கிலோமீட்டருக்கு ஏற்ற ஓடி கவரை அனுமதித்தது. ஒரு கிலோமீட்டர் அளவைத் தேர்ந்தெடுத்தால் ஓடி குறையும், தாண்டப்போகிறது என்றால் டாப்-அப் செய்ய வேண்டும். போன இரண்டு சர்வீஸ் பில்லை எடுத்து கிலோமீட்டரைக் கழித்துப் பாருங்கள், மனக்கணக்கு எப்போதும் தப்பும். நான் 5,000 ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், பில்லில் 8,200 வந்தது. ஆகவே எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே ஆள் பெயரில் இரண்டு மூன்று வண்டி இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் ஃப்ளோட்டர் பாலிசியும் அதே அனுமதியில் வந்தது, கேட்டுப் பாருங்கள்.

9. சில்லறைத் தள்ளுபடிகள்

ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதிக்கும் நிறுவனம்) அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்குப் பழைய டாரிஃபில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். ஆட்டோமொபைல் சங்க உறுப்பினருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 200. அந்த 200-க்காகச் சங்கத்தில் சேர வேண்டாம், ஏற்கெனவே இருந்தால் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டி என்றால் ஓடியில் 50 சதவீதம், இதை நம் ஊரில் பலர் கேட்பதே இல்லை.

இன்னொன்று: ஓடி கணக்கில் சென்னை, பெங்களூர் போன்ற எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம், மற்ற ஊர்கள் பி மண்டலம். டிஎன் 23-ம் (வேலூர்) டிஎன் 73-ம் (ராணிப்பேட்டை) பி-யில்தான் வரும், அது கொஞ்சம் மலிவு. பதிவு செய்த இடம்தான் கணக்கு. பாலிசியில் ஆர்டிஓ இடம் தப்பாக விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை போதும்.

10. பழைய வண்டிக்கு ஓடி வேண்டுமா?

பன்னிரண்டு, பதினைந்து வருஷ வண்டி, விற்றால் ஒரு லட்சம் தேறுமா என்பதே சந்தேகம் என்றால், தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுவிட்டு ஓடியை விடுவது நியாயமான முடிவு. 1,000 சிசிக்குள் என்றால் ஜிஎஸ்டியோடு 2,471 ரூபாய், பிஏ தனி. என் மாமா அவருடைய பழைய மாருதி 800-க்கு இப்படித்தான் போடுகிறார். கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்த காசைத் தனியாக எடுத்து வைக்கிறேன் என்று சொல்கிறார், வைக்கிறாரா என்பது அத்தைக்குத்தான் தெரியும்.

எங்கே கை வைக்கக் கூடாது

எல்பிஜி கிட் போட்டுவிட்டு ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற்றாமல் விடுவது ஒன்று. ஏற்றினால் கொஞ்சம் பிரீமியம் கூடும்தான், ஏற்றாவிட்டால் க்ளெய்ம் சிக்கும்.

அதைவிட நம் ஊரில் அதிகம் நடப்பது, ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வட மாநிலங்களிலிருந்து வருபவர்களை காட்பாடி ஸ்டேஷனிலும் சென்னை ஏர்போர்ட்டிலும் ஏற்றி இறக்கும் சொந்த கார்கள் எத்தனை என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். டாக்ஸிக்கான பிரீமியம் அதிகம், அதனால் இந்த வழி. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றியது விசாரணையில் தெரிந்தால், சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி க்ளெய்மைத் தட்டிவிடும். பள்ளிகொண்டா டோல் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு நிற்கிற லாரியின் பின்னால் போய்ச் செருகினால், வண்டிக்கும் வராது, உள்ளே இருந்தவர்களின் இழப்பீட்டுக்கும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

பணம் கட்டிய பிறகு

பாலிசி வந்ததும் பெயர், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், சிசி, எரிபொருள், என்சிபி சதவீதம், கடன் கொடுத்த பேங்க் பெயர் எல்லாவற்றையும் ஆர்சியோடு வைத்துச் சரிபாருங்கள். தப்பு இருந்தால் அன்றைக்கே மெயில் போடுங்கள், போனில் சொன்னது நிற்காது. கம்பெனி பதிலே தராவிட்டால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம், 155255 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம்.

பிரிண்ட் ஒன்று வண்டியில் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் டேஷ்போர்டுக்குள் கிடந்த என் பாலிசியின் எழுத்தெல்லாம் பிளாஸ்டிக் கவரில் ஒட்டிக்கொண்டு, தாள் வெள்ளையாக வந்தது. அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் கம்பெனி வழியாக வரும் பாலிசியை எடுத்து வையுங்கள், போலீஸ் கேட்டால் போனிலேயே காட்டலாம்.